ஒரு மில்லிமீட்டர் வளையம்

கிக்கரை மிதித்தால் காலுக்கு எதிர்ப்பே இல்லை. அப்பாவின் பழைய 100 சிசி பைக்கில் இரண்டு மாதமாக இதே கதை. காலையில் பதினைந்து முறையாவது மிதித்தால்தான் உயிர் வரும். வந்தாலும் பாலம் ஏறத் திணறும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி மிதித்துப் பார்த்தேன். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடுக்கை ஆயில் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளும். அதனால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம், கூடினால் தேய்ந்திருப்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங். எனக்குக் கூடவில்லை. அப்படியானால் காற்று மேலே, வால்வு வழியாகப் போகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை, சிலிண்டருக்கு மூடியாக வால்வுகளைத் தாங்கி நிற்கும் ஹெட்டை இறக்கினேன்.

பழைய ஏரிகளின் குமிழித் தூம்பைப் பார்த்தவர்களுக்கு வால்வைப் புரிந்துகொள்வது எளிது. ஏரியின் அடியில் ஒரு துளை, அதில் கச்சிதமாக உட்காரும் ஓர் அடைப்பு, அதை மேலே தூக்க ஒரு தண்டு. தூக்கினால் தண்ணீர் பாயும். விட்டால், மேலே நிற்கும் தண்ணீரின் எடையே அடைப்பை அழுத்தி மூடிவிடும். எஞ்சின் வால்வும் அப்படித்தான். அது சிலிண்டருக்குள் பார்த்துத் திறக்கும். உள்ளே பெட்ரோல் எரியும்போது எழும் அழுத்தம் அதைத் திறக்காது, இன்னும் இறுக்கி மூடும். முழு வேகத்தில் இந்த அழுத்தம் 50 பார் அளவுக்கு, ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 50 மடங்கு, எழக்கூடும். 25 மி.மீ. விட்டமுள்ள வால்வின் மேல் அது ஏறத்தாழ 250 கிலோ எடை. இவ்வளவையும் தாங்குவது வால்வின் சரிந்த விளிம்பும் ஹெட்டில் பதித்த சீட்டும் தொட்டுக்கொள்ளும் ஒரு வளையம். அதன் அகலம் சுமார் 1 மி.மீ.

அந்த வளையத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. எரியும் வாயு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரிக்கு மேல் போய், இருட்டில் பார்க்க முடிந்தால் செக்கச்செவேலென்று தெரியும் அளவுக்குச் சூடாகும். அந்தச் சூட்டில் பெரும்பங்கு சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. மீதி தண்டு வழியாக, அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்குப் போகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் வால்வு நொடிக்கு 50 முறை திறந்து மூடும். ஒரு தடவைக்கு 20 மில்லிநொடி. அதில் மூன்றில் ஒரு பங்கு திறந்தே இருக்கும். மிச்சமுள்ள 13 மில்லிநொடிக்குள் சீட்டில் முழுசாக உட்கார்ந்து சூட்டை இறக்கியாக வேண்டும்.

விமான எஞ்சின்களில் இதுவும் போதவில்லை. 1920-களில் சாம் ஹெரான் என்ற பொறியாளர் வால்வின் தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் வைத்தார். 98 டிகிரியில் உருகிவிடும் சோடியம், வால்வு மேலும் கீழும் ஓடும்போது உள்ளே குலுங்கி, தலையின் சூட்டைத் தண்டுக்குக் கடத்தும். 1927-இல் லிண்ட்பெர்க் 33 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் பறந்து அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் எஞ்சினில் இந்த வகை வால்வுகள்தான் இருந்தன. 100 சிசி வண்டியில் சோடியம் கிடையாது. அந்த ஒரு மில்லிமீட்டரே கதி.

வால்வைக் கழற்றும் முன் ஒரு சோதனை செய்தேன். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, எரியறைக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். பெட்ரோல் வேண்டாம், வீட்டுத் திண்ணையில் அது ஆபத்து. பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வரும் இன்லெட் பக்கம் கொஞ்ச நேரம் கழித்து லேசாக ஈரம் கசிந்தது. எக்ஸாஸ்ட் பக்கம் ஊற்றிய வேகத்தில் ஒழுகியது.

வால்வைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு குட்டி அரைக்கூம்புகள். மெக்கானிக்குகள் லாக் என்பார்கள். வால்வை மூடிவைக்கும் ஸ்பிரிங் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கமாக அவை தண்டின் பள்ளத்தைக் கவ்வும். ஸ்பிரிங்கை அமுக்கினால்தான் விடும். அதற்கான கருவி கடையில் கிடைக்கிறது. ஜி கிளாம்ப்போடு, பக்கத்தில் ஜன்னல் வெட்டிய ஒரு குழாய்த் துண்டை வைத்தும் அமுக்கலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், லாக் தெறித்தால் நேராக முகத்துக்கு வரும். காந்தப் பேனாவால் எடுத்தால் தொலையாது.

லாக் வந்ததும் வால்வை அப்படியே கீழே தள்ளத் தோன்றும். அங்கேதான் பலர் கைடைக் கெடுக்கிறார்கள். பல ஆண்டு அடி வாங்கி, தண்டின் நுனி லேசாகப் பிதுங்கி விரிந்திருக்கும். அந்தப் பிசிறோடு இழுத்தால் கைடின் உட்சுவர் முழுக்கக் கீறல் விழும். எண்ணெய்க் கல்லால் நுனியைத் தேய்த்துவிட்டு எடுத்தால் வெண்ணெயில் இறங்கும் கத்தி போல வரும்.

இன்லெட் வால்வின் முதுகில் தார் போன்ற கருப்பு. எக்ஸாஸ்டில் காய்ந்த சாம்பல் நிறம். கையில் காந்தம் இருந்ததால் இரண்டிலும் வைத்துப் பார்த்தேன். இன்லெட் முழுக்க ஒட்டியது. எக்ஸாஸ்டில் தண்டு ஒட்டியது, தலை ஒட்டவே இல்லை! சூடு தாங்க வேண்டிய தலைக்குக் குரோமியம் மிகுந்த, காந்தம் ஒட்டாத எஃகு. தேய்மானம் தாங்க வேண்டிய தண்டுக்கு வேறு எஃகு. இரண்டையும் உராய்வுச் சூட்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். விரல் நீளப் பொருளுக்குள் இவ்வளவு யோசனை.

அந்தத் தலையின் விளிம்பில் ஓரிடத்தில் கருகிய கோடு ஒன்று வளையத்தைக் குறுக்கே வெட்டியிருந்தது. காரணம் எனக்கு உடனே தெரிந்தது. போன வருடம், வால்வின் தண்டைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டில் சத்தம் கேட்கிறது என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து இறுக்கி வாங்கியிருந்தார் அப்பா. சத்தம் அறவே நின்றதில் அவருக்கு மகிழ்ச்சி.

டேப்பெட்டுக்கும் தண்டு நுனிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். சிறிய பைக்குகளில் பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மி.மீ. வரை, ஒரு தலைமுடியின் தடிமன். எக்ஸாஸ்ட் வால்வு தன்னைச் சுற்றியுள்ள ஹெட்டைவிடச் சூடாகி நீளும். நீள இடம் வேண்டும். இடைவெளி இல்லையென்றால் நீண்ட தண்டு டேப்பெட்டில் முட்டி, வால்வு முழுசாக மூடாது. மூடாத இடத்தில் சூடு இறங்க வழியில்லை. அதே சந்தில் நெருப்பும் பீறிடும். மேலும், நாளாக நாளாக விளிம்பும் சீட்டும் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் ஏறும். தண்டின் நுனி டேப்பெட்டை நெருங்கும். அதாவது சீட் தேயத் தேய இடைவெளி குறைகிறது, சத்தமும் குறைகிறது. சத்தம் போடும் டேப்பெட்டைவிடச் சத்தமே போடாத டேப்பெட்டைக் கண்டுதான் நான் பயப்படுவேன்.

கருகிய வால்வைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. புதிதாக ஒன்று வாங்கினேன். சீட்டிலும் குழி இருந்ததால் லேத்தில் கொடுத்து 45 டிகிரி கட்டரால் மெல்லிய ஒரு வெட்டு. வளையம் அகன்றுவிட்டால் அழுத்தம் பரவி, கார்பன் துகள் நசுங்காமல் சிக்கும். மிகக் குறுகினால் சூடு கடத்தாது. அகலத்தைத் திருத்த மேலும் கீழும் வேறு கோணக் கட்டர்கள் ஓட்ட வேண்டும். அது வீட்டு வேலை இல்லை.

வால்வையும் சீட்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தும் கிரைண்டிங் வீட்டு வேலை. சரிந்த விளிம்பில் மட்டும் அரைக்கும் பேஸ்ட் தடவி, தண்டுக்கு எண்ணெய் விட்டு, ரப்பர் கப் வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, மத்தால் மோர் கடைவதுபோல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்ட வேண்டும். பத்து உருட்டுக்கு ஒருமுறை தூக்கி, கால் சுற்றுத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தடத்தில் கோடு விழும். கரகரப்புச் சத்தம் மென்மையாகிக்கொண்டே வரும். துடைத்துப் பார்த்தபோது எங்கும் அறுபடாமல் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எந்த வால்வு எந்தச் சீட்டில் தேய்ந்ததோ அதில்தான் போக வேண்டும். மேல் பூச்சுள்ள வால்வுகளை இப்படித் தேய்க்கவே கூடாது, பூச்சு போய்விடும்.

பேஸ்ட்டில் ஒரு துளி மிஞ்சினாலும் எஞ்சினையே அரைத்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் கழுவி, கைடுக்குள் துணி விட்டு இழுத்தேன். ஆயில் சீல்கள் புதியவை. ஸ்பிரிங்கில் சுருள் நெருங்கிய முனை ஹெட் பக்கம். லாக்கைக் கிரீஸில் ஒட்டிவைத்து மாட்டினால் நழுவாது. மாட்டியதும் மறுபடி மண்ணெண்ணெய்ச் சோதனை: பத்து நிமிடம், இரண்டு பக்கமும் காய்ந்தே இருந்தன.

புதுப் பேக்கிங் போட்டு ஹெட்டை இறுக்கி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி எதுவும் முட்டவில்லை என்று பார்த்தபிறகே கிக்கரை மிதித்தேன். கால் பாதியில் நின்றது. மூன்றாவது உதையில் ஓடியது.

500 கிலோமீட்டர் ஓடியபின் எஞ்சின் ஆறிய ஒரு காலையில், டேப்பெட் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகினேன். எக்ஸாஸ்ட் பக்கம் இறுகியிருந்தது. புது வால்வு சீட்டில் படிந்திருக்கிறது. தளர்த்தி அளவுக்கு வைத்தேன். இப்போது நின்று ஓடும்போது மெல்லிய டிக் டிக் கேட்கிறது. "இன்னும் சத்தம் வருதேப்பா" என்றார் அப்பா. அது வரட்டும், எங்கேயும் இறுக்கக் கொடுக்காதீங்கப்பா என்று சொல்லியிருக்கிறேன்.