கோடையில் வாய் மூடும் ஆறு

கலிபோர்னியாவின் வடக்குக் கரையில் மட்டோல் என்றொரு ஆறு இருக்கிறது. மொத்தமே 100 கிலோமீட்டர் அளவுதான். பிறக்கும் இடத்திலிருந்து கடல் ரொம்பப் பக்கம், ஆனாலும் நேரே போய்ச் சேர வழியில்லை, நடுவில் கிங் மலைத்தொடர் மறிக்கிறது. அதனால் மலையின் முதுகுப் பக்கமாகவே, கரைக்கு இணையாக வடக்கே ஓடி, பெட்ரோலியா என்ற சின்ன ஊரைத் தாண்டிய பிறகுதான் பசிபிக்கைப் பார்க்கிறது.

அந்த மலையின் உச்சி 1,246 மீட்டர், அங்கிருந்து கடல் 5 கிலோமீட்டர் இருக்கும். இந்தச் செங்குத்தைப் பார்த்துத்தான் கடலோர நெடுஞ்சாலையையே உள்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். மூன்று புவித்தட்டுகள் சந்திக்கும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் நிலம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. 1992 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் கரை ஒரே மூச்சில் 1.4 மீட்டர் வரை உயர்ந்தது. முந்தின நாள் வரை அலையில் நனைந்துகொண்டிருந்த சிப்பியும் பாசியும், ஒட்டிய பாறையோடு மேலே போய் வெயிலில் காய்ந்து செத்தன.

மழையும் இந்த மலை கொடுப்பதுதான். கடல் காற்று மேலேறிக் குளிர்ந்து கொட்டுவதில் ஹனிட்யூ என்ற ஊருக்கு ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்கிறது, அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடையில் துளி மழை அபூர்வம்.

எனக்கு இந்த ஆற்றில் பிடித்ததே அதன் முகத்துவாரம்தான். அலை எப்போதும் மணலைக் கரைக்குத் தள்ளுகிறது, ஆறு அதை வெளியே தள்ளுகிறது. கோடையில் ஆறு மெலிந்ததும் அலை ஜெயித்துவிடும், மணல் மேடாகி வாய் அடைந்துவிடும். குமரிக் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பொழி அடைவது என்பது இதுதான். உள்ளே தேங்கும் நீரில் சால்மன் மீன் குஞ்சுகள் மாட்டிக்கொள்கின்றன. மேலே காட்டை வெட்டி, 1964 பெருவெள்ளத்தில் மண்ணும் கல்லும் சரிந்து வந்து ஆழமான மடுக்களெல்லாம் தூர்ந்துபோனதால், அந்த நீர் சூடேறிக் குஞ்சுகள் திணறுவதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

அப்புறம் முதல் பெருமழை. உள்ளே நீர் ஏறி, மேட்டின் தாழ்ந்த ஓரத்தில் ஒரு சாண் அகலத்தில் வழிய ஆரம்பிக்கும். வழியும் நீர் மணலை அரிக்கும், அரிக்க அரிக்கப் பள்ளமாகும், பள்ளமாக ஆக நீரின் வேகம் கூடும், இருபக்கமும் மணல் சுவர் பொத்துப் பொத்தென்று விழும். கொஞ்ச நேரத்தில் அங்கே ஆறு கடலுக்குப் பாய்கிறது. பிறந்த ஆற்றின் வாசனையைத் தேடி வந்து வெளியே காத்திருந்த பெரிய சால்மன்கள் அந்தக் கலங்கலை எதிர்த்து உள்ளே நுழைகின்றன.