ஜப்பானியம் புரிகிறது, வாயில் வரவில்லை: ஏன்?

ஜப்பானில் எந்த ஊர் கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தால், காசு வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று கேள்விகள் வரும். "ஒபெந்தோ அதாதமேமாஸ் கா?" சாப்பாட்டைச் சூடு பண்ணித் தரட்டுமா என்று அர்த்தம். "ரெஜிபுகுரோ வ கொரியோ தெஸ் கா?" என்றால் பை வேண்டுமா என்று. பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குவது 2020 ஜூலையில் கட்டாயமானதிலிருந்து இந்த இரண்டாவது கேள்வியிடமிருந்து தப்பவே முடியாது. இரண்டுக்கும் "ஹாய், ஒநெகாய்ஷிமாஸ்" (ஆமாம், தயவுசெய்து) என்றால் வேலை முடிந்தது. பாடப்புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களிலேயே வந்துவிடும் சொற்கள்தான். இருந்தும் மாதக்கணக்கில் படித்தவர்கள்கூட அந்தக் கவுன்ட்டரில் திருதிருவென்று விழிப்பார்கள்.

சொல் தெரியாமலில்லை. அது வாய்க்கு வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் சிக்கல்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்த தான்யா ஸ்டிவர்ஸ், ஸ்டீபன் லெவின்சன் உள்ளிட்டோர் பத்து மொழிகளில் மக்கள் இயல்பாகப் பேசிக்கொள்வதை அளந்து 2009-ல் வெளியிட்டார்கள். ஆமா, இல்லையா என்ற வகைக் கேள்வி முடிந்து பதில் தொடங்கும் வரை எவ்வளவு இடைவெளி? பத்து மொழிக்கும் சேர்த்துச் சராசரி சுமார் 0.2 நொடி. மிக நிதானம் டேனிஷ், 0.47 நொடி. மிக வேகம் ஜப்பானியம். தலையசைப்பையும் பதிலாகக் கணக்கிட்டால் சராசரி 7 மில்லிநொடிதான், அதாவது கேள்வி முடிவதும் பதில் தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைத் தாய்மொழியில் சொல்லச் சொன்னாலே, வாய் திறக்க சுமார் 0.6 நொடி ஆகிறது. 0.2 நொடி இடைவெளிக்குள் அது எப்படி அடங்கும்? அடங்காது. எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள்ளாகவே, அவர் என்ன கேட்கப் போகிறார் என்று மூளை ஊகித்துப் பதிலைத் தயார் செய்துவிடுகிறது. பிறகு அவர் குரல் அடங்கும் தருணத்துக்காகக் காத்திருக்கிறது. கேட்பதும் திட்டமிடுவதும் ஒரே சமயத்தில் நடக்கிற இரட்டை வேலை இது. புதிதாகப் படிப்பவருக்கோ கேட்டுப் புரிந்துகொள்வதிலேயே கவனம் முழுக்கச் செலவாகிவிடுகிறது. கடைக்காரர் பேசி முடித்த பிறகுதான் அவருக்குத் திட்டமிடலே தொடங்குகிறது. பின்னால் வரிசை நீளமாக இருந்தால் அதுவும் நடக்காது.

பேச்சுப் பயிற்சி மாற்றுவது இந்த நேரக் கணக்கைத்தான். "மிஸு ஒ குதசாய்" (தண்ணீர் கொடுங்கள்) என்பதைச் சொற்களாகப் பிரித்துக் கோப்பதற்குப் பதில், "ஒ குதசாய்" என்ற வாலை ஒரே துண்டாக வாய்க்குப் பழக்கிவிட்டால், மூளைக்கு மிஞ்சும் வேலை முன்னால் ஒரு பெயரைப் போடுவது மட்டும். தேநீர், டிக்கெட், ரசீது என்று எதைப் போட்டாலும் வால் தானாக வரும். அப்படி மிச்சமாகும் கவனம் அடுத்த கேள்வியை ஊகிக்கப் போகிறது.

துண்டு பதிய வேண்டுமானால் அதை நினைவிலிருந்து வெளியே இழுத்தாக வேண்டும். உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் சிலர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். பேச்சில் ஒவ்வொரு பதிலும் பார்க்காமல் எழுதுவதற்குச் சமம். சப்டைட்டிலோடு அனிமே பார்ப்பது திரும்பப் படிக்கும் ரகம். காது பழகும், வாய் பழகாது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், அதுதான் என்5, என்4 என்று படிப்படியாக எழுதுவார்களே, அதில் பேச்சுத் தேர்வே கிடையாது. ஆகவே சான்றிதழ் கையில் இருந்தும் வாய் திறக்காமல் இருப்பது மிகவும் சாத்தியம்.

ஊகிக்கும் வேலையில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. "நேற்று கியோட்டோவில் நண்பனோடு சோறு சாப்பிட்டேன்" என்பது "கினோ கியோட்டோ தெ தொமொதாச்சி தொ கொஹான் ஒ தபெமாஷித". சொல் வரிசை அப்படியே. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். கடைசி வரை காத்திருந்து அர்த்தம் பிடிக்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. "சாப்பிட்டுப் பார்" என்பதற்கு அவர்களும் "தபெதெ மிரு" என்று பார்ப்பதைத்தான் சேர்க்கிறார்கள். "எழுதி வை" என்பதற்கு "கைதெ ஒகு", வைப்பதைத்தான். இப்படிப்பட்ட ஒற்றுமைகளையும் காட்டித்தான் ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ இரு மொழிகளும் உறவு என்று வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. கொரியமும் துருக்கியும் இதே வரிசையில்தான் பேசுகின்றன. உறவோ இல்லையோ, படிப்பவருக்கு லாபம் லாபம்தான்.

உச்சரிப்பில் அந்த லாபம் கொஞ்சம் கைவிட்டுப் போகிறது. தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே தனியாக வரும் 'த' மென்மையாகவே ஒலிக்கும்: அது, இதயம். அழுத்தம் வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும்: அத்தை. ஜப்பானியத்தில் இரட்டிக்காமலே அழுத்தமாக ஒலிக்கும் 'த' உண்டு. அதைத் தமிழ் எழுத்தில் காட்டவே வழியில்லை. "கியோட்டோ நி இத" என்றால் கியோட்டோவில் இருந்தேன். "கியோட்டோ நி இத்த" என்றால் கியோட்டோவுக்குப் போனேன். தமிழர் வாய் அழுத்தம் கொடுக்கப் போய் இரட்டித்துவிடும். தனியாக வாசிக்கும்போது இது தெரியவே தெரியாது. எதிரில் ஒருவர் இருந்து, "அப்படியா, எப்போது போனீர்கள்?" என்று கேட்கும்போதுதான் உறைக்கும். அடுத்த முறை அந்த இடம் வரும்போது நாக்கு கொஞ்சம் யோசிக்கும்.

இங்கே பள்ளியில் படித்த மாத்திரைக் கணக்கு கைகொடுக்கும், ஒரு திருத்தத்தோடு. நமக்கு மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. அவர்கள் கணக்கில் 'ன்' என்பதும், இரட்டிப்பின்போது வரும் சிறு மௌனமும் தலா ஒரு முழு அளவு. "நிப்பொன்" நமக்கு மூன்று மாத்திரை, அவர்களுக்கு நான்கு. ஹைக்கூவின் 5-7-5 எண்ணுவதும் இந்த அளவைத்தான். கைதட்டிச் சொல்லிப் பழகினால் "இத", "இத்த" பிரச்சினை சீக்கிரம் தீரும்.

முழு வாக்கியம் வராத ஆரம்ப நாட்களில் எதைப் பேசுவது? உம் கொட்டலாம். ஜப்பானியர்கள் இதை ஐஸுச்சி என்கிறார்கள். "ஹாய்", "ஏ", "ஸோ தெஸ் கா" (அப்படியா) என்று, பேசுபவர் மூச்சு விடும் இடங்களில் எல்லாம் போட வேண்டும். போடாவிட்டால் பேசுபவர், நாம் கவனிக்கவில்லையோ, புரியவில்லையோ என்று பேச்சை நிறுத்திவிடக்கூடும். எங்கே போடுவது என்று தேடத் தேட, வாக்கியம் எங்கே உடைகிறது, எங்கே முடியப் போகிறது என்பது காதுக்குப் பிடிபடுகிறது. ஊகத்துக்கு வேண்டியதும் அதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: உம் கொட்டும் இடத்தில் வரும் "ஹாய்" என்பதற்கு 'ஆமாம்' என்றல்ல, 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் பொருள். வாடகை பேசும்போது வீட்டுக்காரர் அப்படி நாலு தடவை "ஹாய்" சொன்னார் என்பதற்காக, குறைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார் என்று எண்ணிவிட வேண்டாம்.