அதே ஆட்கள்தான், ஆனால் கணுக்கால் அதே கணுக்கால் இல்லை

2023 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தின் மிகப் பெரிய போட்டியான என்.சி.ஏ.ஏ. தொடருக்குத் தேர்வான 68 அணிகளின் பெயர்கள் அன்று மாலை வெளியாயின. நார்த் கரோலினா பல்கலைக்கழக அணி அந்தப் பட்டியலில் இல்லை. சீசன் தொடங்கும்போது, விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் வாக்களித்துப் போடும் ஏ.பி. தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணி அது. 1985ல் இந்தத் தொடர் 64 அணிகளாக விரிந்த பிறகு, முதலிடத்தில் தொடங்கிய ஓர் அணி தொடருக்குள்ளேயே நுழைய முடியாமல் போனது அதுதான் முதல் தடவை. அடுத்த நிலைப் போட்டியான என்.ஐ.டி.யில் ஆட வாய்ப்பிருந்தும் அணி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தலைமைக் கோச் ஹூபர்ட் டேவிஸுக்கு அது இரண்டாவது வருஷம்.

நான் விளையாட்டு பிசியோதெரபிஸ்ட். பள்ளி, கல்லூரி கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் கணுக்காலும் முழங்காலும்தான் என் அன்றாட வேலை. என்னிடம் பிள்ளைகளை அழைத்து வரும் கோச்சுகளிடம் இந்த அணியின் கதையை அடிக்கடி சொல்வேன். "போன வருஷம் ஃபைனல் வரை வந்தோம் சார், அதே பசங்கதான் இந்த வருஷமும், கப் நமக்குத்தான்" என்று ஒருவர் சொல்லும்போது அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டுப் போகிறது. பசங்க அதேதான். போன சீசனின் கடைசி மாதம் அவர்கள் உடம்பில் என்ன விட்டுவிட்டுப் போனது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

டேவிஸின் முதல் வருஷத்தைப் பார்த்தால்தான் இது புரியும். அவர் அதே கல்லூரியில் ஆடியவர், பிறகு அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யில் ஆடியவர், அப்போதைய தலைமைக் கோச் ராய் வில்லியம்ஸிடம் 2012 முதல் உதவிக் கோச். 2021 ஏப்ரலில் வில்லியம்ஸ் ஓய்வு பெற்றதும் பொறுப்பு இவரிடம் வந்தது. 2021-22 சீசனில் அணி என்.சி.ஏ.ஏ. தொடருக்குள் எட்டாம் நிலை அணியாகத்தான் போனது (ஒவ்வொரு பிரிவிலும் முதல் நிலை என்பதுதான் பலமான அணி). போய் நடப்புச் சாம்பியன் பேய்லரை ஓவர்டைமில் வீழ்த்தியது. அரையிறுதியில் பரம எதிரியான டியூக்கை 81-77 என்று தோற்கடித்தது. டியூக் கோச் மைக் ஷஷெவ்ஸ்கியின் கடைசி ஆட்டம் அது. ஏப்ரல் 4 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த இறுதி ஆட்டத்தில், பாதி நேரத்தில் 40-25 என்று முன்னணியில் இருந்து, கடைசியில் கான்சஸிடம் 72-69 என்று தோற்றது.

அந்த அணியை 'அயர்ன் ஃபைவ்' என்று அழைத்தார்கள். கேலப் லவ், ஆர்.ஜே. டேவிஸ், லீக்கி பிளாக், பிரேடி மானெக், அர்மாண்டோ பேகாட். இரும்பு ஐவர். மாற்று ஆட்டக்காரர்கள் மிகக் கொஞ்ச நேரமே உள்ளே வந்தார்கள், இந்த ஐந்து பேரே பெரும்பாலும் ஓடி முடித்தார்கள். ரசிகர்களுக்கு அது பெருமைக்குரிய பெயர். எனக்கு அதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். இருபது வயதுக் கால்களை நாற்பது நிமிஷம், வாரத்துக்கு இரண்டு ஆட்டம், ஐந்து மாதம் என்று ஓட விட்டால் அதற்கு விலை உண்டு.

பேகாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே என்.சி.ஏ.ஏ. தொடரில் ஆறு ஆட்டத்திலும் புள்ளிகளிலும் ரீபவுண்டிலும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) இரட்டை இலக்கம் தொட்ட முதல் ஆட்டக்காரர் அவர்தான். டியூக் ஆட்டத்தில் மட்டும் 21 ரீபவுண்ட். அதே ஆட்டத்தின் பின்பகுதியில் அவர் கணுக்கால் மடங்கியது. சனிக்கிழமை இரவு மடங்கிய காலோடு திங்கட்கிழமை இரவு இறுதி ஆட்டத்தில் இறங்கினார், 15 புள்ளி, 15 ரீபவுண்ட் எடுத்தார். ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருந்தபோது, அணி ஒரு புள்ளி மட்டுமே பின்தங்கியிருந்த நேரத்தில், கூடையை நோக்கிப் போகும்போது அந்தக் கால் மறுபடி திரும்பியது. பந்து போய்விட்டது, நொண்டிக்கொண்டே வெளியே போனார். அந்த இரவில் ஆட வேண்டாம் என்று அவரிடம் யார் சொல்லியிருக்க முடியும்? நான் இருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். ஆட்டக்காரனின் வாழ்க்கையில் ஒரு முறை வரும் இரவு அது. அதற்குப் பிறகு வரும் மாதங்களைத்தான் நாம் சரியாகச் செய்ய வேண்டும்.

கணுக்கால் சுளுக்கும்போது பெரும்பாலும் பாதம் உள்பக்கமாகத் திரும்பி, வெளிப்பக்க எலும்புக்குக் கீழே இருக்கும் லிகமென்ட், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார், இழுபடுகிறது அல்லது கிழிகிறது. ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கும்போது இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்குவது கூடைப்பந்தில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம். வீக்கமும் வலியும் சில நாளில், சில வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் லிகமென்ட் என்பது வெறும் கயிறு இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் அனுப்பும் நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. அவை பழுதானால், கால் மடங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் வெளிப்பக்கத் தசை இறுகிக் காப்பாற்ற வேண்டியது தாமதமாகிறது. வலி போன பிறகும் இந்தத் தாமதம் தங்கிவிடும். அதனால்தான் அடுத்த சுளுக்கு யாருக்கு வரும் என்று கேட்டால் நாங்கள் முதலில் பார்ப்பது, முன்பு சுளுக்கியவர் யார் என்பதை.

சரி, இரண்டாவது வருஷத்துக்கு வருவோம். ஐவரில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். மானெக் மட்டும் படிப்பை முடித்துப் போய்விட, நார்த்வெஸ்டர்னிலிருந்து பீட் நான்ஸ் வந்தார். காகிதத்தில் இதைவிட நல்ல அணி கிடைக்காது. முதல் ஐந்து ஆட்டமும் வெற்றி. அப்புறம் நவம்பர் கடைசியில் நாட்டின் மறுகோடியான போர்ட்லண்டில் நான்கு நாளில் மூன்று ஆட்டம். ஐந்தாவது வெற்றி வந்தது அதில் முதல் ஆட்டத்தில்தான். அடுத்து அயோவா ஸ்டேட்டிடம் தோல்வி. அலபாமாவுடன் நான்கு ஓவர்டைம் போய் 103-101 என்று தோல்வி. ஒரு கல்லூரி ஆட்டம் நாற்பது நிமிஷம், ஓவர்டைம் ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம். அதாவது அன்று அவர்கள் ஆடியது ஒன்றரை ஆட்டம். மூன்றே நாளில் இண்டியானாவின் மைதானத்தில் அடுத்த தோல்வி. தோள்பட்டைக் காயத்தால் பேகாட் இல்லாமல் ஆடிய வர்ஜீனியா டெக் ஆட்டத்தில் நான்காவது தோல்வி. டிசம்பர் முதல் வாரத்தில் அணி முதல் 25 இடத்துக்குள்ளேயே இல்லை.

தூக்கத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஸ்டான்ஃபோர்ட் ஆண்கள் கூடைப்பந்து அணியில் 11 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2011ல் வெளிவந்தது. தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். சில வாரத்தில் ஃப்ரீ த்ரோவும் மூன்று புள்ளி எறிதலும் ஒன்பது சதவீத அளவில் மேம்பட்டன. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆனாலும் விமானமும் ஹோட்டலுமாகப் போகிற ஒரு வாரம் ஓர் அணியின் எறிதலை என்ன செய்யும் என்று யோசிக்க அது போதும். நம் பிள்ளைகள் முன்பதிவில்லா ரயில் பெட்டியில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்து, காலையில் டோர்னமென்ட் ஆடுவதை நினைத்துப் பாருங்கள்.

ஜனவரி 10, வர்ஜீனியாவில் ஆட்டம். தொடங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, பேகாட்டின் கணுக்கால் மடங்கியது. அன்று திரும்பி வரவில்லை, அணி 65-58 என்று தோற்றது. சில நாளிலேயே லூயிவில் ஆட்டத்தில் மறுபடி இறங்கிவிட்டார். போன ஏப்ரலில் பட்ட அடியால்தான் இது என்று நான் சொல்ல மாட்டேன், அது அவருக்குச் சிகிச்சை தந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு அணியின் வாய்ப்பு முழுவதும் ஒருவரின் மூட்டில் தொங்கும் நிலைக்கு வந்துவிட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் உடம்பின் மேல் போடுவதும் தவறு. மானெக் மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு நாற்பது போட்டவர். அவர் போனதும் எதிரணிகள் உள்ளே சுருங்கிக்கொண்டு பேகாட்டை அடைத்தன. 2022-23ல் மூன்று புள்ளி எறிதலில் அணி மொத்தமாகப் போட்டது சுமார் 31 சதவீதம். தேர்வுக் குழு எதைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். அவர்கள் ஆட்டங்களை நான்கு அடுக்காகப் பிரிக்கிறார்கள். சொந்த மைதானத்தில் தரவரிசையில் முதல் 30 அணிகளுடனோ, பொது இடத்தில் முதல் 50 அணிகளுடனோ, எதிரணி மைதானத்தில் முதல் 75 அணிகளுடனோ ஆடினால் அது முதல் அடுக்கு. நார்த் கரோலினா அந்த அடுக்கில் பத்து ஆட்டம் ஆடி ஒன்றில்தான் ஜெயித்தது, பிப்ரவரி கடைசியில் வர்ஜீனியாவுடன் சொந்த மண்ணில். சீசன் முழுவதும் சேர்த்து 20 வெற்றி, 13 தோல்வி என்று ஆனாலும் குழுவுக்கு அந்த ஒன்றுதான் தெரியும். தோற்றவற்றில் பல நெருக்கமான தோல்விகள். கடைசி நான்கு நிமிஷத்தில் கால் கனத்துப் போன அணிகள் அப்படித் தோற்பதை நான் பல தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால் இது என் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருஷம் என்றாலே சறுக்கும் என்பதும் இல்லை. அதே கல்லூரியில், அதே நாற்காலியில், ராய் வில்லியம்ஸ் தன் இரண்டாவது சீசனிலேயே, 2005ல், இல்லினாயை 75-70 என்று வென்று பட்டம் எடுத்தார். ஷான் மே, ரேமண்ட் ஃபெல்டன், ரஷாட் மெக்கன்ட்ஸ் என்று ஆட்டம் தொடங்கும் ஆட்கள் பெரிய ஆட்கள். ஆனால் என் கண் போவது பெஞ்சுக்கு. அங்கே உட்கார்ந்திருந்தவர் மார்வின் வில்லியம்ஸ். ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்காமல், அந்த வருஷம் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுத்த தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். அப்படி ஒருவர் உள்ளே வந்தால் ஷான் மே உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். கோச் டேவிஸுக்கு இரண்டாம் வருஷத்தில் அந்த நிம்மதி இல்லை. மூன்றாம் வருஷத்தில் பேகாட்டும் ஆர்.ஜே. டேவிஸும் இருக்க, சுற்றி இருந்தவர்கள் மாறினார்கள். அணி 29-8 என்று முடித்து, முதல் நிலை அணியாகத் தொடருக்குள் போனது. அதே கோச்தான்.

அதனால் ஒரு அணியின் வாய்ப்பைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இவைதான்: ஆறாவது, ஏழாவது ஆள் யார், அவரை நம்பி எத்தனை நிமிஷம் விடுகிறீர்கள்? போன சீசனில் கால் மடங்கியவர்கள் யார் யார், அவர்கள் கோடையில் என்ன செய்தார்கள்?

இரண்டாவது கேள்விக்கு நம் ஊரில் வரும் பதில் பெரும்பாலும் "ரெஸ்ட்ல இருந்தான் சார்" என்பதுதான். ஓய்வு மட்டும் எடுத்த கணுக்கால், கீல் தளர்ந்த கதவு மாதிரி, ஆடாத வரை நன்றாகத்தான் இருக்கும். அதற்கு முன்பே, அடிபட்ட அன்றே எண்ணெய் போட்டு உருவி விடுவதும், சுளுக்கு எடுக்கிறேன் என்று பாதத்தைப் பிடித்துத் திருப்புவதும் இன்னும் நடக்கிறது. கிழிந்த நாரை அது மேலும் இழுக்கும், எலும்பு உடைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அடிபட்டவுடன் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா, கணுக்கால் முண்டு எலும்பின் பின்பக்கத்தையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா, பாதத்தின் வெளிப்பக்க நடு எலும்பிலோ உள்பக்க வளைவின் மேலோ வலிக்கிறதா, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே. இல்லையென்றால் க்ரேப் பேண்டேஜ் போட்டு இறுக்கி, காலைத் தூக்கி வைத்து, ஐஸ் வையுங்கள், பிறகு ஓரிரு நாளில் வலி தாங்கும் அளவுக்கு மெதுவாக நடக்க ஆரம்பிக்கலாம். வாரக்கணக்கில் கட்டிலிலேயே படுத்துக் கிடப்பதும் நல்லதல்ல.

மறுபடி களத்தில் இறக்குவதற்கு முன் நான் பார்ப்பது எளிமையானதுதான். அடிபட்ட காலில் மட்டும் நின்று, கண்ணை மூடி, மற்றக் காலோடு ஒப்பிட்டால் தள்ளாட்டம் அதிகமா? ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது இரண்டு பக்கமும் சமமா? ஒற்றைக் காலில் குதித்து அசையாமல் நிற்க முடிகிறதா? கடைசியாக, ஓடி வந்து சட்டென்று திரும்பும்போது அவன் முகத்தைப் பார்ப்பேன். பயம் தெரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் போட்டால் கால் பலவீனமாகிவிடும் என்று பல கோச்சுகள் பயப்படுகிறார்கள். விஸ்கான்சினில் 1,460 பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களை வைத்து நடத்தி 2011ல் வெளிவந்த ஆய்வில், கயிறு கட்டும் பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் தெளிவாகக் குறைந்தது. அந்த விலை கொடுக்க முடியாத பிள்ளைகளுக்கு, பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதில் ஆரம்பித்து, வாரத்தில் சில நாள் பத்து நிமிஷம் சமநிலைப் பயிற்சி செய்தாலும் அடுத்த சுளுக்கின் ஆபத்து குறைகிறது. காசு எதுவும் தேவையில்லை.

நீங்கள் கோச்சாக இருந்தால், இந்த வருஷக் கடைசி ஆட்டம் முடிந்த வாரத்திலேயே எல்லாரையும் ஷூவைக் கழற்றச் சொல்லி ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பாருங்கள். யாருடைய கால் ஆடுகிறதோ அவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதி, ஜூன் மாதத்துக்குள் ஒரு பிசியோவிடம் அனுப்பிவிடுங்கள். அக்டோபரில், பயிற்சி சூடு பிடித்த பிறகு அழைத்து வந்தால் என்னால் டேப் சுற்றித்தான் அனுப்ப முடியும்.