அக்ரெஷன்: வன்முறையா, ஆக்ரோஷமா, தாக்குநடத்தையா?

‘வன்முறைப் படம் பார்க்கும் பிள்ளைகளிடம் வன்முறை கூடுகிறது: ஆய்வில் தகவல்’ என்ற வகைச் செய்தியில் ‘வன்முறை’ இரண்டு தடவை வரும். ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் முதலாவது பெரும்பாலும் வயலன்ஸ் (violence), இரண்டாவது அக்ரெஷன் (aggression). குழப்பத்தில் பாதி இந்த மொழிபெயர்ப்பில்தான் உண்டாகிறது. அப்படியானால் அக்ரெஷன் என்ற உளவியல் சொல்லுக்குத் தமிழில் எதைப் போடுவது?

அக்ரெஷன் இலத்தீன் வழி வந்த சொல். ‘நோக்கி’ என்று பொருள்படும் ‘அட்’, ‘அடியெடுத்து வைத்தல்’ என்று பொருள்படும் ‘கிராடி’ இரண்டும் சேர்ந்தது. ஒருவரை நெருங்குதல் என்பது பிறகு தாக்கப் போதல் ஆயிற்று. வடமொழியில் ‘ஆ’வும் ‘க்ரம்’மும் சேர்வது ஏறக்குறைய இதே கட்டு. நம் ‘ஆக்கிரமிப்பு’ அதில் பிறந்ததுதான். ஆனால் தமிழில் அது புறம்போக்கு நிலத்தோடும் நடைபாதைக் கடையோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வகுப்பில் பக்கத்துப் பையனைப் பிடித்துத் தள்ளுபவனுக்கு அதைப் போட்டால் சிரிப்புதான் வரும்.

‘ஆக்ரோஷம்’ இன்னும் புழக்கமானது. வேர்ப்பொருள் கத்துதல். வடமொழியில் வசைபாடுதலையும் குறிக்கும். இன்றைய தமிழில் அது ஒரு தோரணை: மட்டையாளர் ஆக்ரோஷமாக ஆடினார் என்றால் பாராட்டு. உளவியலில் அக்ரெஷன் என்பது தோரணையும் அல்ல, கோபமும் அல்ல, செயல். தீங்கைத் தவிர்க்க விரும்பும் இன்னோர் உயிருக்குத் தீங்கு செய்யும் நோக்கோடு நடந்துகொள்வது. கோபத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதில் வராது. கோபமே இல்லாமல், திட்டமிட்டு ஒருத்தியைத் தோழிகளிடமிருந்து ஒதுக்கிவைப்பது வரும். வன்முறை இதன் கடைக்கோடி: கடுமையான உடற்காயத்தையே இலக்காகக் கொண்டது.

ஆய்வுக்கூடத்தில் யாரையும் கத்தியால் குத்தவிட முடியாது. அதனால் அளக்கப்படுவது வேறு. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுராவின் 1961 சோதனையில் 72 குழந்தைகள். அவர்களில் 24 பேர், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் பார்த்தார்கள்; பிறகு பலர் அப்படியே செய்தார்கள். 1963இல் அதையே திரையிலும் காட்டிப் பார்த்தார்கள். பலரும் சொல்லாமல் விடும் படி ஒன்று உண்டு: நல்ல விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்து, சற்று நேரத்தில் பிடுங்கி, எரிச்சலூட்டிய பிறகே குழந்தைகளைக் கவனித்தார்கள். பொம்மைக்கு வலிக்காது என்பதும் மேலே சொன்ன வரையறையோடு இடிக்கிறது.

பிற்காலத்தில் பரவலான முறை இரைச்சல் சோதனை. ‘எதிராளி’யோடு பொத்தானை முந்தி அழுத்தும் போட்டி, பொதுவாக 25 சுற்று. தோற்றவர் காதில் பாயும் இரைச்சலின் அளவை மற்றவர் தேர்ந்தெடுப்பார், 60 முதல் 105 டெசிபெல் வரை. உண்மையில் எதிராளியே கிடையாது; பங்கேற்பவர் எவ்வளவு இரைச்சலைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே அக்ரெஷனின் அளவு. முதல் சுற்றின் ஒலியை எடுப்பதா, 25இன் சராசரியா, ஒலியை நேரத்தால் பெருக்குவதா? ஆளுக்கொரு கணக்கு என்பதால், ஒரே தரவிலிருந்து வேறு வேறு முடிவு கிடைக்கும்.

சொல்லைச் சரியாகப் பிடித்தால் முடிவுகளும் தெளியும். 2020இல் அமெரிக்க உளவியல் கழகம் சொன்னது இது: வன்முறை வீடியோ விளையாட்டுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்றவற்றுக்கும் சிறிய, ஆனால் நிலையான தொடர்பு உண்டு, நிஜ வன்முறையோடு இணைக்கப் போதிய சான்று இல்லை. முன் பாதிக்கும் மறுப்பு உண்டு. 2019இல் 14, 15 வயது பிரிட்டன் பிள்ளைகள் ஆயிரம் பேரளவில் நடந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், பெற்றோரிடமே பிள்ளையின் நடத்தையைக் கேட்டுப் பார்த்தபோது தொடர்பு தென்படவில்லை. இதில் எதையும் ‘வன்முறை கூடுகிறது’ என்று தமிழில் எழுத இடமில்லை.

‘வலுச்சண்டை’ அழகான சொல், ஆனால் தானாகப் போய் இழுக்கும் சண்டைக்கு மட்டும்தான். பதிலடி அதில் அடங்காது. எங்கள் தேர்வு ‘தாக்குநடத்தை’. ‘அமைச்சர் கடும் தாக்கு’ என்ற தலைப்பைப் பார்த்து யாரும் கைகலப்பு என்று நினைப்பதில்லை; சொல்லால் தாக்குவதையும் தமிழ் ஏற்கெனவே ‘தாக்கு’ என்கிறது. ஒரு சிக்கல்: ‘தாக்கம்’ பக்கத்தில் வந்தால் வாசகர் தடுமாறுவார். ‘தாக்குநடத்தையில் ஊடகத்தின் தாக்கம்’ என்று எழுதாமல், அங்கே ‘விளைவு’ அல்லது ‘செல்வாக்கு’ என்று போடுங்கள்.