தட்டாமாலையும் வால்ட்ஸும்

தட்டாமாலை சுற்றாமல் வளர்ந்தவர்கள் நம் ஊரில் குறைவு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, கைகளைக் குறுக்காகக் கோத்து, கால்களை ஒட்டி வைத்து, பின்னால் சாய்ந்து சுற்றுவோமே, அதுதான். வேகம் ஏற ஏறக் கை இழுக்கும், பாவாடை குடையாக விரியும், பிடி நழுவினால் ஆளுக்கொரு மூலையில் போய் விழுவோம்.

உடற்கல்வி மாணவர்களுக்குப் பால்ரூம் என்ற மேற்கத்திய ஜோடி நடனத்தை அறிமுகம் செய்த முதல் நாளில் இதுதான் நடந்தது. வால்ட்ஸ் சுற்றை ஒருமுறை ஆடிக்காட்டிவிட்டு, "ஜோடியாக இப்படியே சுற்றிக்கொண்டு அந்த மூலை வரை போங்கள்" என்றேன். கபடி ஆடுகிற இரண்டு பையன்கள், கையை நீட்டி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். நான்காவது சுற்றில் பிடி விட்டது. ஒருவன் கூடைப்பந்துக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றான். அடி ஒன்றுமில்லை. சிரிப்பு அடங்கியதும், அவன் ஏன் அங்கே போனான் என்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன்.

கணக்கு எளிது. வேகமான வால்ட்ஸுக்கு வியன்னா வால்ட்ஸ் என்று பெயர். மூன்று எண்ணிக்கைத் தாளம், நம் வாயில் சொன்னால் தகிட, தகிட. போட்டிகளில் நிமிடத்துக்கு 58 முதல் 60 ஆவர்த்தனம் வாசிப்பார்கள். இரண்டு ஆவர்த்தனத்தில், அதாவது ஆறு அடியில், ஜோடி ஒரு முழுச் சுற்றை முடிக்க வேண்டும். ஆக ஒரு சுற்றுக்கு 2 விநாடி. ஆளுக்கு 60 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டிப் பிடித்தால் ஒவ்வொருவர் உடலும் நடு அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி நிற்கும். அந்த வட்டத்தில் உடலைப் பிடித்து வைக்கத் தேவையான மையநோக்கு விசை சுமார் 300 நியூட்டன். கிட்டத்தட்ட 30 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும் விசை. அதில் கொஞ்சத்தைத் தரையின் உராய்வு தாங்கும், மிச்சமெல்லாம் விரல் பிடிக்குத்தான். கபடிக்காரன் விரலாக இருந்தாலும் எத்தனை சுற்றுக்குத் தாங்கும்?

இப்போது இருவரும் இடுப்பு ஒட்டும் அளவுக்கு நெருங்கி நிற்கட்டும். அச்சிலிருந்து தூரம் 15 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். விசையும் சுமார் 90 நியூட்டனாகக் குறையும், ஒன்பது கிலோ. இதை மணிக்கணக்கில் ஆடலாம். வியன்னாவில் ஆடத்தான் செய்தார்கள்.

ஆஸ்திரியாவிலும் தென் ஜெர்மனியிலும் கிராமத்து மக்கள் கனத்த பூட்ஸோடு ஆடிய லெண்ட்லர் என்ற சுழல் நடனத்தின் வழியாகத்தான் வால்ட்ஸ் வந்தது. மாளிகைகளின் வழவழப்பான தரைக்குப் போனதும் வேகம் கூடியது, வேகம் கூடியதும் நெருக்கமும் கூடியது. 1816ல் லண்டனில் ரீஜென்ட் இளவரசர் கொடுத்த விருந்தில் இதை ஆடியபோது, இது அநாகரிகமான அந்நிய நடனம் என்று டைம்ஸ் பத்திரிகை கொதித்து எழுதியது. ஆசிரியருக்கு மையநோக்கு விசை பற்றி யாரும் சொல்லவில்லை போலும்.

நெருங்கி நின்றால் மிதிபடாதா என்று உடனே ஒரு மாணவி கேட்டாள். நேருக்கு நேர் நின்றால் நிச்சயம் மிதிபடும். அதனால்தான் பால்ரூம் பிடியில் யாரும் நேருக்கு நேர் நிற்பதில்லை. ஜோடியில் அடியைத் தீர்மானிப்பவர் நடத்துபவர், அவரோடு சேர்ந்து போகிறவர் தொடர்பவர். தொடர்பவர், நடத்துபவரின் வலப்பக்கமாக அரை உடல் தள்ளி நிற்பார். நடத்துபவர் வலது காலை முன்னால் வைத்தால் அது எதிராளியின் இரண்டு கால்களுக்கும் நடுவே போகும். இடது காலை வைத்தால் வெளிப்பக்கமாகப் போகும். நான்கு கால்களும் சீப்பின் பற்கள் போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நடக்கின்றன. வகுப்பில் சாக்பீஸால் நான்கு பாதங்களை வரைந்து காட்டினேன். இரண்டு பேரை அதன்மேல் நிற்க வைத்ததும், "அட, இவ்வளவுதானா" என்றார்கள். இடுப்பு ஒட்டியிருக்கும், மேலே முதுகும் தலையும் பின்னோக்கி விலகியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கீழே குறுகி மேலே விரிந்த பூச்சாடி.

சரி, பால்ரூம் என்பது ஒரே நடனம் இல்லை. போட்டிக்கென்று வகுத்தவை பத்து. ஸ்டாண்டர்டு பிரிவில் வால்ட்ஸ், டாங்கோ, வியன்னா வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப். லத்தீன் பிரிவில் சாம்பா, சா-சா-சா, ரம்பா, பாசோ டோப்ளே, ஜைவ். அமெரிக்காவில் வேறு பாகுபாடு உண்டு, அதை இங்கே விட்டுவிடலாம். உலகின் பல மூலைகளிலிருந்து வந்த இவற்றை அளந்து, பெயர் வைத்து, பாடத்திட்டமாக்கியது பெரும்பாலும் ஆங்கிலேயர்கள். 1904ல் லண்டனில் தொடங்கிய இம்பீரியல் நடன ஆசிரியர் சங்கம் 1924ல் பால்ரூமுக்கென்று தனிக் கிளை வைத்தது. பிளாக்பூல் நகரத்து நடன விழா 1920ல் ஆரம்பித்து இன்னும் நடக்கிறது. 1997ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்பை அங்கீகரித்தது. ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் மட்டும் பால்ரூம் இன்னும் ஏறவில்லை.

இரண்டு பிரிவுக்கும் என்ன வித்தியாசம் என்றால் பலரும் உடையைச் சொல்வார்கள். நான் அச்சைச் சொல்வேன். ஸ்டாண்டர்டில் இருவருக்கும் பொதுவாக ஒரே அச்சு. லத்தீனில் ஆளுக்கொரு அச்சு.

ஸ்டாண்டர்டில் முதலில் கற்றுக்கொடுப்பது மெதுவான வால்ட்ஸ். இதுவும் தகிடதான், ஆனால் நிமிடத்துக்கு 28 முதல் 30 ஆவர்த்தனம். 30 என்று வைத்தால் ஒரு ஆவர்த்தனத்துக்குச் சரியாக 2 விநாடி. பள்ளிக்கூட ஆய்வகத்தில் தனி ஊசல் ஆட்டியவர்களுக்கு இந்த எண் ஞாபகம் வரும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் போய்வர எடுக்கும் நேரமும் 2 விநாடிதான். வளர்ந்த மனிதரின் இடுப்பு உயரமும் கிட்டத்தட்ட அதுதான். கால் ஒன்றும் நூலில் கட்டிய குண்டு இல்லை, எனவே இந்தப் பொருத்தத்தை ரொம்ப நீட்டக் கூடாது. ஆனாலும் வால்ட்ஸ் ஆடும்போது உடல் ஊஞ்சல் மாதிரிதான் வேலை செய்கிறது.

'த'வில் முழங்கால் மடங்கி உடல் தாழ்ந்திருக்கும். குதிகால் முதலில் தரையைத் தொட, நீளமான அடி ஒன்று போகும். ஊஞ்சலின் அடிப்புள்ளி இது, வேகம் இங்கேதான் அதிகம். அந்த அடி முடியும்போது உடல் ஏற ஆரம்பித்து, 'கி'யிலும் 'ட'விலும் முன்பாதத்தின் மேல் ஏறிக்கொண்டே போகும். கால்கள் சேரும். உச்சியில் ஒரு கணம் மிதப்பது போலத் தெரியும். 'ட' முடியும்போது குதிகால் இறங்கி மறுபடி கீழே.

இந்த ஏற்ற இறக்கம் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். அழகு அப்புறம். முதல் வேலை பிரேக் போடுவது. விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் போகும் உடலை, தசையால் இழுத்துப் பிடிக்காமல், உயரே ஏற்றியே நிறுத்த வேண்டும் என்றால் எவ்வளவு உயரம் வேண்டும்? சுமார் 11 சென்டிமீட்டர். மடங்கிய முழங்காலிலிருந்து நிமிர்ந்து முன்பாதத்தில் எழும்பினால் ஏறக்குறைய அவ்வளவு கிடைத்துவிடும். சைக்கிளில் மிதிப்பதை விட்டுவிட்டு மேட்டில் ஏறவிட்டால் தானாக நிற்குமே, அதே சங்கதி. இறங்கும்போது அந்த ஆற்றல் அடுத்த அடிக்கு வேகமாகத் திரும்பி வருகிறது. வியன்னா வால்ட்ஸில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 1 விநாடிதான், ஏறி இறங்க நேரமில்லை. அதனால் அதில் உடல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் சுழன்றுகொண்டு போகும்.

டாங்கோவில் இந்த மேடு அறவே கிடையாது. பியூனஸ் அயர்ஸ், மான்டிவிடியோ துறைமுகப் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த நடனம். 2009ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது அந்த மூல டாங்கோ. போட்டியில் ஆடுவது ஐரோப்பாவில் விறைப்பேறிய அதன் ஒன்றுவிட்ட தம்பி. முழங்கால் கடைசி வரை மடங்கியே இருக்கும். காலைத் தரையில் உரசாமல் தூக்கி வைப்பார்கள், பூனை ஓட்டுமேல் நடப்பது போல. மேடு இல்லாததால் உடலை நிறுத்துவது முழுக்கத் தொடைத் தசையின் வேலை. அந்தச் சடார் நிறுத்தம்தான் டாங்கோவின் முகம். மறுநாள் காலையில் படி இறங்கும்போது தொடை வலிப்பதற்கும் அதுவே காரணம்.

ஃபாக்ஸ்ட்ராட் 1914 வாக்கில் நியூயார்க்கில் பரவியது. நாலு எண்ணிக்கைத் தாளம். கால்கள் சேர்ந்து நின்று மூச்சு விட இடமே தராமல் ஒன்றையொன்று தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். பார்க்கச் சாதாரண நடை மாதிரி தெரியும், ஆடிப் பார்த்தால் தெரியும் சேதி. அதை வாத்தியக்காரர்கள் வேகமாக வாசிக்கப் போய், 1920களில் இங்கிலாந்தில் குவிக்ஸ்டெப் தனியாகப் பிரிந்தது. நிமிடத்துக்கு 200 தட்டு. ஒரு வேக அடிக்கு 0.3 விநாடிதான் கிடைக்கும். கண்ணால் ஒன்றைப் பார்த்து உடலை அசைக்கவே மனிதருக்குச் சுமார் 0.2 விநாடி ஆகும். எதிராளியின் காலைப் பார்த்துத் தொடர்ந்தால் ஒவ்வொரு அடியிலும் பிந்திவிடுவோம். எனவே செய்தி கால் வழியாக வருவதில்லை. கால் நகரும் முன்பே நடத்துபவரின் முழங்கால் மடங்கி, எடை நின்ற காலின் மேல் நகரத் தொடங்கிவிடும். விலாவும் இடுப்பும் ஒட்டியிருப்பதால் தொடர்பவருக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிடும். கால் எப்போதும் கடைசியில்தான்.

லத்தீனில் பலருக்கும் முதலில் கண்ணில் படுவது இடுப்பு. புதிதாக ஆடுபவர்கள் இடுப்பைத்தான் ஆட்டுவார்கள், அதுதான் தப்பு. இப்போதே எழுந்து நின்று பாருங்கள். பாதங்களைச் சற்று விலக்கி வையுங்கள். இடுப்பை மறந்துவிட்டு, வலது முழங்காலை நேராக்கி எடையை அதில் ஏற்றுங்கள், இடது முழங்கால் தளர்ந்து மடங்கட்டும். பிறகு மாற்றுங்கள். நாலு தடவை செய்தால் இடுப்பு தானாக எட்டு போடுவது தெரியும். எடை தாங்கும் காலின் பக்கம் இடுப்பெலும்பு உயர்ந்து வெளியே தள்ளும், மடங்கிய காலின் பக்கம் தாழும். கியூபா நடனங்களின் 'இடுப்பசைவு' மொத்தமும் முழங்காலில்தான் தொடங்குகிறது.

ரம்பா அதை நிதானமாகக் காட்டும். நிமிடத்துக்கு 25 முதல் 27 ஆவர்த்தனம், ஆவர்த்தனத்துக்கு நாலு தட்டு. அடி வைப்பது 2, 3, 4ல். 1ல் கால் அசையாது, எடை முழுதாக இறங்கி இடுப்பு உட்காரும். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: எடுப்பு இரண்டில், இடுப்பு ஒன்றில். சா-சா-சா 1950களின் தொடக்கத்தில் ஹவானாவில் என்ரிக்கே ஹொரின் என்ற வயலின் கலைஞர் அமைத்த இசையிலிருந்து பிறந்தது. ஆடியவர்களின் காலணி தரையில் உரசிய ஓசையே அதற்குப் பெயரானது. இவற்றில் உடல்கள் விலகி நிற்கும், தொடர்பு உள்ளங்கை வழியாக மட்டும். தொய்ந்த கயிற்றில் செய்தி போகாது, அதனால் கையில் எப்போதும் லேசான விறைப்பு இருக்க வேண்டும். தனியாகச் சுழலும்போது கையை மார்போடு சேர்த்தால் வேகம் கூடும். சுழற்சியின் அளவான கோண உந்தம் மாறாமல் இருக்க வேண்டுமே.

மற்ற மூன்றையும் வேகமாகப் பார்த்துவிடலாம். சாம்பா பிரேசிலிலிருந்து வந்தது, முழங்காலில் ஸ்பிரிங் வைத்தாற்போல் குதி. பாசோ டோப்ளே எருதுச் சண்டையின் நாடகம், ஆண் வீரன், பெண் அவன் கையிலிருக்கும் துணி. ஜைவ், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. நம் ஊரிலும் ரயில்வே காலனிகளின் ஆங்கிலோ இந்தியப் பெரியவர்களிடம் கேட்டால், இன்ஸ்டிடியூட் தரையில் ஜைவ் ஆடிய கதை நிறைய வைத்திருப்பார்கள். போட்டியில் ஜைவ் கடைசியாக வரும், உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாதபோது. போட்டி ஜோடிகளை அளந்து 1988ல் வெளியான ஆய்வு ஒன்றில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 170ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருந்தது. இதைச் சொன்னதும்தான் ஓட்டப் பந்தய மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

காலணி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நடனக் காலணியின் அடிப்பாகம் சொரசொரப்பான ஸ்வேட் தோல். வழுக்கியும் விடாது, ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. ரப்பர் அடி போட்ட ஷூவோடு சிமென்ட் தரையில் சுழன்றால், உடல் திரும்பும், பாதம் திரும்பாது. நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். முழங்கால் கீல் போல மடங்கி நிமிரத்தான் வசதியான மூட்டு, முறுக்கல் அதற்கு ஆகாது. பள்ளியில் வகுப்பெடுக்கப் போகிறவர்கள் ஸ்வேட் காலணி தேடி அலைய வேண்டியதில்லை. பழைய சாக்ஸ் ஒன்றின் விரல் பகுதியை வெட்டி, ஷூவின் முன்பாதத்தில் வளையம் போல மாட்டினால் போதும். குதிகால் பிடித்துக்கொள்ளும், முன்பாதம் திரும்பும்.

இரண்டாம் நாள் பிடியே சொல்லித்தரவில்லை. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொண்டுவரச் சொன்னேன். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும், யாரோடு யார் வேண்டுமானாலும் ஜோடி சேரலாம். அரை உடல் தள்ளி நின்று, இருவர் வயிற்றுக்கும் நடுவே நோட்டை வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒருவர் முன்னோக்கியும் மற்றவர் பின்னோக்கியும் நடக்க வேண்டும். காலை முதலில் நீட்டியவர்களின் நோட்டு உடனே விழுந்தது. கம்பத்தைக் கட்டிப்பிடித்த பையனும் அவன் கூட்டாளியும் எட்டு அடி வரை போனார்கள். ஒன்பதாவது அடியில் அவன் குனிந்து காலைப் பார்த்தான். நோட்டு விழுந்தது.