அத்திவாரக் கிடங்கில் தாழி தெரிந்தால்

அத்திவாரம் வெட்டும்போது தாழியின், அதாவது அந்தக் காலத்தில் இறந்தோரை அடக்கம் செய்த பெரிய பானையின், வாயோ, நெட்டுக்குத்தாக நிற்கும் கற்பலகையோ தெரிந்தால் உடனே பெக்கோவை நிறுத்துங்கள். தெரிந்த பொருளை வெளியே எடுக்காதீர்கள். இந்த இரண்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருகோணமலை மாவட்டத்தில் கட்டுமானத்துக்கு முன் காணிகளைப் பார்வையிடும் தொல்லியல் வேலை என்னுடையது. மூதூரிலிருந்து தெற்கே போய் வெருகலாற்றைக் கடந்தால் கதிரவெளி. கற்பலகைகளால் பெட்டிபோல் அமைத்து மேலே மூடுகல் வைத்த பெருங்கற்கால ஈமக்குழிகள், அதாவது பழங்காலப் புதைகுழிகள், அங்கே இருப்பது பல காலமாகத் தெரிந்த விடயம். ஆறு இன்றைக்கு மாவட்ட எல்லை. அந்தக் காலத்து மக்களுக்கு அது எல்லையாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் இந்தக் கரையில் வயலை ஒட்டிய மேட்டுக்காணிகளைப் பார்க்கும்போது நான் கூடுதல் கவனமாக இருப்பேன்.

ஒரு ஈமக்குழியை எப்படித் திறப்போம் என்று சொன்னால், ஏன் தொட வேண்டாம் என்கிறேன் என்பது விளங்கும். மேல்மண்ணைப் பல்லில்லாத வாளியால் மெல்லிய படையாகச் சீவுவோம். மண்ணின் நிறம் மாறும் இடத்தில் இயந்திரம் நின்றுவிடும், அப்புறம் கைவேலைதான். மூடுகல்லை அளந்து, வரைந்து, படமெடுத்த பிறகே தூக்குவோம். உள்ளே உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் சிவப்புமான கலங்கள் இருக்கலாம், துருப்பிடித்து மண்ணோடு ஒட்டிப்போன இரும்புக் கத்தி இருக்கலாம். எலும்பு பெரும்பாலும் முழு உடலாக இருக்காது. உடலை வேறிடத்தில் வைத்தோ எரித்தோ, மிஞ்சியதைப் பொறுக்கி வந்து இட்டிருப்பார்கள். எங்கள் மண்ணில் எலும்பு நனைந்த பிஸ்கட் மாதிரி உதிரும். கரண்டி பட்டால் கீறிவிடும் என்பதால் மூங்கில் சீவலாலும் தூரிகையாலும் மண்ணைத் தளர்த்துவோம். பெரும்பாலும் பல் மட்டும் தப்பிப் பிழைக்கும். அதன் எனாமலைக் கொண்டு அந்த ஆள் எந்த மாதிரி நிலத்தில் வளர்ந்தார் என்றுகூடச் சொல்ல முடியும். கலத்துக்குள் இருக்கும் மண்ணையும் வீசமாட்டோம். நீரில் மிதக்கவிட்டால் கருகிய தானியம் மேலே வரும், சல்லடையில் எள்ளளவு மணிகள் தங்கும்.

பானையைத் தூக்கிக் கிணற்றடியில் கழுவி வைத்தால் இதில் முக்கால்வாசி போய்விடும்.

1980இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் ஓர் ஈம அடக்கத்தில் எலும்புக்கூட்டோடு ஒரு சிறிய முத்திரை கிடைத்தது. குறியீடுகளும் பிராமி என்ற பழைய எழுத்தும் பொறித்தது. அது புதைக்கப்பட்ட இடத்திலேயே அகழ்வாளர் கண்ணில் பட்டதால்தான் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு லோட் மண்ணோடு போய் எங்காவது பள்ளத்தை நிரப்பியிருந்தால், யாருடையது, எந்தக் காலத்தது என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது.

எங்கள் பகுதியில் எலும்பு வெளிப்பட்டால் இன்னொரு கேள்வி முதலில் வரும், வரவும் வேண்டும். 2018இல் மன்னாரில் சதொச கட்டடத்துக்கு மண் வெட்டியபோது வெளிவந்த எச்சங்களை நாம் மறக்கவில்லை. 2025 ஜூலையில் சம்பூரில் கண்ணிவெடி அகற்றும்போதும் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. காணாமல்போனவர்களைத் தேடும் குடும்பங்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஆகவே எலும்பென்றால் முதலில் பொலிஸுக்கும், அவர்கள் வழியாக நீதவானுக்கும் தெரிய வேண்டும். பழையதா, அண்மையதா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். பக்கத்தில் கற்பலகை இருக்கிறதா, துணியோ பொத்தானோ இருக்கிறதா, குழி எந்த மண்படையிலிருந்து வெட்டப்பட்டது என்பவையெல்லாம் எலும்பு அசையாமல் இருக்கும்போதுதான் தெரியும். யாரோ ஒரு தாய்க்குப் பதில் சொல்லக்கூடிய சான்றை ஒரு வாளி அள்ளிப் போய்விடலாம்.

சரி, இதெல்லாம் தெரிந்தும் ஆட்கள் ஏன் மூடிவிடுகிறார்கள்? வயதான விவசாயி ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "பிள்ளை, சொன்னா காணி போயிரும். சொல்லாம மூடினா ஒரு கரைச்சலும் இல்லையே?" அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2020இல் கிழக்கின் தொல்லியல் மரபுக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அப்படித் தொடங்கிய ஒன்றை மக்கள் நம்பவில்லை என்றால் பிழை மக்களிடம் இல்லை.

ஆனால் சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் காணிக்காரருக்குச் சொந்தமாகாது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் அகழவும் முடியாது. அதற்காகப் பொருள் கிடைத்தவுடன் காணி கைமாறுவதில்லை. தனியார் காணியைச் சுவீகரிக்க 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி அறிவித்தல், ஆட்சேபனை, நட்டஈடு என்று தனி நடைமுறை உண்டு. காணி உறுதி இல்லாமல் அரச காணிக்கான வெறும் அனுமதிப்பத்திரத்தோடு செய்கை பண்ணுபவர்களின் நிலை இதைவிடப் பலவீனம். அவர்கள் சட்டத்தரணி ஒருவரோடு முன்கூட்டியே பேசுவது நல்லது.

2000ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி கால் ஹெக்டேருக்கு மேற்பட்ட அபிவிருத்தித் திட்டங்களுக்குத் தொல்லியல் தாக்க மதிப்பீடு வேண்டும். கால் ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 99 பேர்ச். நாற்பது பேர்ச்சில் கட்டும் வீட்டுக்கு நாங்கள் யாரும் வரப்போவதில்லை. அங்கே மேசனும் பெக்கோ ஓட்டும் தம்பியும் வீட்டுக்காரரும்தான் கண்.

எனவே ஏதாவது தட்டுப்பட்டால் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்துப் படமெடுங்கள், கிட்டத்திலும் தூரத்திலும். குழியை ஓலையோ தறப்பாளோ போட்டு மூடுங்கள். எலும்பென்றால் பொலிஸுக்கும், மற்றதென்றால் கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ எழுத்தில் அறிவித்து, பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். உறுதி, நில அளவைப் படம் எல்லாவற்றுக்கும் பிரதி கையில் இருக்கட்டும். புதையல் என்று கதை பரவினால் இரவிலேயே அலவாங்கோடு ஆட்கள் வந்துவிடுவார்கள், அதனால் ஊருக்கெல்லாம் சொல்லவோ முகநூலில் போடவோ வேண்டாம்.

பெரிய கட்டடம் எழுப்புபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கொந்தராத்தில் கையெழுத்திடுவதற்கு முன், சிறுபோக அறுவடை முடிந்த கையோடு எங்களைக் கூப்பிடுங்கள். சோதனைக் குழிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு மூடித் தருகிறோம். தூண் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதை வரைபடத்திலேயே மாற்றிக்கொள்ள அப்போது நேரம் இருக்கும்.