ரேஞ்ச்ஃபைண்டர்: தொலைவளவி என்ற சொல்லும் அதை வாங்கும் முடிவும்

விலையுயர்ந்த டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்கலாமா, கையிலிருக்கும் பழைய மாதிரியை விற்றுவிட்டுப் புதியதற்கு மாறலாமா என்று யாராவது கேட்டால், விலையையும் மெகாபிக்சல் கணக்கையும் பேசுவதற்கு முன் அந்தச் சொல்லுக்கு அவர் என்ன பொருள் கொண்டிருக்கிறார் என்று கேட்டறிவது என் வழக்கம். மேற்புறம் தட்டையாக, இடது மூலையில் கண் வைத்துப் பார்க்கும் சாளரத்தோடு, அதிக ஓசையின்றி இயங்கும் சிறிய உலோகக் கேமரா என்பதே பெரும்பாலும் வரும் விடை. இவை அத்தகைய கேமராவின் புற அடையாளங்கள். சொல் குறிப்பதோ பொருளின் தொலைவை அளக்க அதன் உள்ளே இருக்கும் ஓர் அளவுக்கருவியை. அந்தக் கருவி நமக்கு வேண்டுமா, அதைக் கையாள நாம் அணியமாக இருக்கிறோமா என்பதில்தான் வாங்கும் முடிவு அடங்கியிருக்கிறது என்பதால், சொல்லிலிருந்தே தொடங்குவது நல்லது.

‘ரேஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொல், வரிசை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; மலைத்தொடரை ஆங்கிலத்தில் இன்றும் அச்சொல்லால் குறிப்பது அந்த முதற்பொருளின் எச்சம். பிற்காலத்தில் அது ஒன்று பரவியிருக்கும் எல்லையையும், பீரங்கியிலிருந்து குண்டு சென்று விழும் தூரத்தையும் குறிக்கலாயிற்று. குண்டு இலக்கில் விழ வேண்டுமானால் இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது முன்னரே தெரிந்தாக வேண்டும்; அதை அறிவதற்குப் படைகள் கையாண்ட கருவிக்குத்தான் 19ஆம் நூற்றாண்டில் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற பெயர் வழங்கியது. ஆர்ச்சிபால்டு பார், வில்லியம் ஸ்ட்ரௌடு என்ற இரு பேராசிரியர்கள் 1888இல் பிரிட்டிஷ் போர்த்துறையின் தேவைக்காக இத்தகைய கருவியை வடிவமைக்கத் தொடங்கினார்கள். அவர்கள் நிறுவிய தொழிலகம் பின்னர் கடற்படைகளுக்கு இதைச் செய்து கொடுத்துப் பெயர் பெற்றது. ‘ஃபைண்டர்’ என்ற பின்பாதி தேடிப் பிடிப்பதைக் குறிக்கவில்லை, அளந்து அறிவதைக் குறிக்கிறது என்பதை இங்கேயே மனத்தில் கொள்ள வேண்டும். தமிழாக்கத்தில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கருவி இயங்கும் முறை நம் முகத்திலேயே இருக்கிறது. ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு மறு கண்ணால் பார்த்தால், பின்புலத்தின் மீது விரல் இடம் மாறுவது தெரியும். விரலை அருகே கொண்டுவந்தால் அந்த விலகல் கூடும். தள்ளிப் பிடித்தால் குறையும். இரண்டு கண்களுக்கு இடையிலான தூரம் மாறாதது என்பதால், விலகலின் கோணத்தைக் கொண்டு பொருளின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். தொலைவளவி என்று நான் தமிழில் அழைக்கும் இந்தக் கருவியில் இரண்டு கண்களுக்குப் பதிலாக இரண்டு சாளரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான தூரத்தை அடித்தளம் என்பார்கள். அடித்தளம் எவ்வளவு நீளமோ, அளவு அவ்வளவு துல்லியம். யமாட்டோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் தொலைவளவிக்கு அடித்தளம் 15 மீட்டர். லைக்கா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் இன்றைய எம் வரிசைக் கேமராவில் அது சுமார் 69 மி.மீ.; மனிதக் கண்களின் சராசரி இடைவெளியைவிடச் சற்றே அதிகம்.

கேமராவுக்குள் இந்தக் கருவி வந்து சேர்ந்தது படிப்படியாக. லென்ஸோடு இணைந்த தொலைவளவி முதன்முதலில் 1916இல் கோடாக் நிறுவனத்தின் மடிப்புக் கேமரா ஒன்றில் அமைந்தது. 1925இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில் அது இல்லை. தொலைவைக் கண்ணால் மதிப்பிட வேண்டும், அல்லது தனிக்கருவியால் அளந்து அந்த எண்ணை லென்ஸில் வைக்க வேண்டும். லைக்கா II, கான்டாக்ஸ் ஆகிய இரண்டு கேமராக்களும் 1932இல் தொலைவளவியை லென்ஸோடு பிணைத்தன. அவ்வாறு பிணைத்த பிறகு தொலைவு எத்தனை மீட்டர் என்ற எண்ணைப் பயனர் படிக்கவே வேண்டியதில்லை. லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்புற விளிம்பு ஒரு சிறு உருளையைத் தள்ள, அது உள்ளிருக்கும் ஒளியியல் உறுப்பை அசைக்க, அளத்தலும் குவியம் வைத்தலும், அதாவது பொருள் தெளிவாக விழும்படி லென்ஸை அமைத்தலும், ஒரே செயலாகிவிடுகின்றன. அப்போதும் அளப்பதற்கு ஒரு சாளரம், படத்தின் எல்லையைப் பார்ப்பதற்கு இன்னொரு சாளரம் என்று கண் இரண்டு இடங்களுக்குப் போய்வர வேண்டியிருந்தது. லைக்கா நிறுவனம் 1954இல் எம்3 மாதிரியில் அவ்விரண்டையும் ஒரே சாளரத்தில் இணைத்தது. அந்த ‘எம்’ என்ற எழுத்து ‘மெஸ்சூகர்’ என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. ‘மெஸ்ஸென்’ என்றால் அளத்தல். ‘சூகர்’ என்பது கேமராவில் காட்சியைப் பார்க்கும் சாளரம். அளக்கும் பார்வைச் சாளரம் என்ற முழுப்பொருளும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. ஆங்கிலச் சொல் போர்க்களத்தில் பிறந்து கேமராவுக்குக் குடிவந்தது. ஜெர்மன் சொல்லோ கேமராவைப் பார்த்தே அமைந்தது. அதனால்தான் தமிழாக்கத்துக்கு ஆங்கிலத்தைவிட ஜெர்மன் சொல்லே சிறந்த வழிகாட்டி என்று கருதுகிறேன்.

சாளரத்துக்குள் நடப்பதை அருகிலிருந்து பார்ப்போம். கண் வைத்தவுடன் காட்சி முழுவதும் தெளிவாகத் தெரிகிறது. லென்ஸ் எங்கே குவிந்திருந்தாலும் சாளரத்தில் எதுவும் மங்குவதில்லை. நடுவில் சற்றுப் பளிச்சென்ற சிறு செவ்வகம் ஒன்று இருக்கிறது. எதிரே அமர்ந்திருப்பவரின் கண்ணை அந்தச் செவ்வகத்துக்குள் கொண்டுவந்தால், இமையும் கருவிழியின் விளிம்பும் இரட்டையாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்று விலகி நிற்கும். லென்ஸ் வளையத்தை விரலால் மெல்லத் திருப்பத் திருப்ப அவை நெருங்கி வந்து, ஒரு கணத்தில் ஒன்றாகப் படிந்து, அந்த இடத்தின் ஒளி-நிழல் மாறுபாடு சட்டென்று கூடும். அதுதான் குவியம். விலகல் பக்கவாட்டில் மட்டுமே நிகழும் என்பதால் நிமிர்ந்து நிற்கும் கோடுகளில் இது எளிது. படுக்கைக் கோடுகள் மட்டும் உள்ள இடத்தில் கேமராவைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கம்பி அழி போல ஒரே உரு மீண்டும் மீண்டும் வரும் இடத்தில் ஒரு கம்பி அடுத்த கம்பியின் மேல் படிந்து நம்மை ஏமாற்றிவிடும். லென்ஸைப் பிடிக்கும் கையின் விரல் முன்புறச் சிறு சாளரத்தை மறைத்தால் நடுச் செவ்வகம் மறைந்தே போகும். இவற்றையெல்லாம் கை பழகிக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும்.

இனித் தமிழ்ச் சொல். ‘ரேஞ்ச்’ என்றதும் ‘வீச்சு’ என்று பெயர்ப்பது நம்மிடையே உள்ள வழக்கம். குண்டைப் பற்றிப் பேசும்போது அது பொருந்தும். ஆனால் கேமரா எதையும் வீசுவதில்லை. மேலும் புள்ளியியலில் மீப்பெரு மதிப்புக்கும் மீச்சிறு மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டையும், இயற்பியலில் அலையின் வீச்சையும் அச்சொல் ஏற்கெனவே சுமக்கிறது. ‘ஃபைண்டர்’ என்பதைக் ‘காணி’ என்று ஆக்கினால், 80இல் ஒரு பங்கையும் நில அளவையும் குறிக்கும் பழஞ்சொல்லோடு அது மோதும். ‘தொலைமானி’ என்பது சுருக்கமாகவும் வெப்பமானி, அழுத்தமானி ஆகியவற்றின் வரிசையில் இயல்பாகவும் ஒலிக்கிறது. ஆயினும் அதில் ஒரு நுட்பமான குறை உண்டு. ‘தொலைநோக்கி’ தொலைவில் உள்ளதை நோக்குவது. ‘தொலைபேசி’ தொலைவில் உள்ளவரோடு பேச உதவுவது. அதே அமைப்பில் ‘தொலைமானி’ என்றால் தொலைவில் உள்ள ஒன்றை இங்கிருந்தபடியே அளப்பது என்று பொருள் விரியும். அது வேறு துறையின் கருவி. நாம் அளப்பது தொலைவையே என்பதால், தொலைவு என்ற முழுப் பெயர்ச்சொல் முதற்பாதியில் நிற்க வேண்டும். ஆகவே ‘தொலைவளவி’ என்பதே என் தேர்வு. லேசர் ஒளி சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் சொல்லும் கருவிக்கும் இச்சொல் அப்படியே பொருந்தும். லைக்காவின் மெஸ்சூகரைத் தனித்துக் குறிக்க வேண்டும்போது ‘தொலைவளவு நோக்கி’ எனலாம். அளத்தலும் நோக்குதலும் இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. தொலைவு என்ற சொல்லுக்கு அழிவு, தோல்வி என்ற பழைய பொருள்களும் உண்டு என்பதை அறிவேன். சேர்ந்து நிற்கும் ‘அளவி’ அந்த ஐயத்தை நீக்கிவிடும்.

பொருள் தெளிந்தால் சந்தையில் உள்ள குழப்பமும் தெளியும். ‘ரேஞ்ச்ஃபைண்டர் பாணி’ என்று இன்று சொல்லப்படும் பல கேமராக்களில் தொலைவளவி கிடையாது. ஃபுஜிஃபிலிம் நிறுவனத்தின் எக்ஸ்100, எக்ஸ்-ப்ரோ வரிசைகளில் ஒளியியல் சாளரம் உண்டு. அவை சிறந்த கேமராக்கள் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை தானியங்கிக் குவியத்தால் இயங்குபவை, இரண்டு உருவங்களை ஒன்றாக்கும் பொறியமைப்பு அவற்றில் இல்லை. இதைவிட வியப்பானது, லைக்கா நிறுவனமே 2025இல் வெளியிட்ட எம் ஈவி1 மாதிரியில் தொலைவளவியை எடுத்துவிட்டு மின்னணுச் சாளரத்தை வைத்தது. பெயரில் எம் நிற்கிறது. அந்த எழுத்து குறித்த கருவி உள்ளே இல்லை. கண்பார்வை தளர்ந்து நடுச் செவ்வகத்தில் உருவங்களைப் பொருத்த முடியாமல், அதே லென்ஸ்களைத் தொடர்ந்து கையாள விரும்புவோருக்கு அது உண்மையாகவே உதவும். தொலைவளவிக் கேமரா வாங்குவதாக நினைத்து அதை வாங்குவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

உண்மையான டிஜிட்டல் தொலைவளவிக் கேமராக்களின் வரிசை சிறியது. முதலாவது 2004இல் வந்த 6 மெகாபிக்சல் எப்சன் ஆர்-டி1. அடுத்து 2006இல் லைக்கா எம்8; ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதிவு செய்யும் அதன் உணரி அகச்சிவப்புக் கதிரை அதிகம் பதிவு செய்ததால் சில கறுப்புத் துணிகள் ஊதாவாகத் தெரிந்தன, லென்ஸில் தனி வடிகட்டி மாட்ட வேண்டியிருந்தது. 2009இல் எம்9 முழுச் சட்ட உணரியை, அதாவது 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவே உள்ள உணரியைக் கொண்டுவந்தது. பின்னர் அந்த உணரியின் மேற்கண்ணாடி அரிக்கப்படும் குறை வெளிப்பட்டு, நிறுவனம் உணரிகளை மாற்றிக் கொடுத்தது. 2017இல் எம்10 ஃபிலிம் கேமராவின் தடிமனுக்குத் திரும்பியது. 2022இல் எம்11 60 மெகாபிக்சலோடு வந்தது. பிரான்சில் பிக்ஸி என்ற சிறு நிறுவனமும் இத்தகைய கேமராவைச் செய்கிறது.

இந்த வரிசையில் ஆண்டுதோறும் மாறியது எது என்று பார்த்தால், மாற்றிக்கொள்ளும் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். உணரி மாறியிருக்கிறது, திரை மாறியிருக்கிறது, மின்கலம் மாறியிருக்கிறது. தொலைவளவி ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. துல்லியத்தை முடிவுசெய்வது அடித்தளத்தோடு சாளரத்தின் உருப்பெருக்கத்தைப் பெருக்கி வரும் அளவு: 1954இன் எம்3இல் உருப்பெருக்கம் 0.91 என்பதால் அது சுமார் 62 மி.மீ.; எம்11இல் 0.73 என்பதால் சுமார் 50 மி.மீ. அதாவது எந்த உறுப்பின் பெயரால் இந்தக் கேமராவை அழைக்கிறோமோ, அந்த உறுப்பு 60 மெகாபிக்சல் மாதிரியில் தாத்தாவினுடையதைவிடச் சற்றுக் குறைந்த துல்லியம் உடையது. அதற்குக் காரணம் உண்டு: அகன்ற காட்சியைப் பதியும் 28, 35 மி.மீ. லென்ஸ்களுக்குப் படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக் கோடுகளும் சாளரத்துக்குள் அடங்க வேண்டுமானால் உருப்பெருக்கத்தைக் குறைத்தாக வேண்டும். 50 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப்/1.4 என்ற பெரிய அளவில் திறந்து ஒரு மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால், வழக்கமான கணக்கின்படி தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ. மட்டுமே. 24 மெகாபிக்சலில் கண்ணுக்குத் தப்பிய சிறு பிழை 60 மெகாபிக்சலில் பெரிதாக்கிப் பார்க்கும்போது பளிச்சென்று தெரியும். எம்11இல் உணரியை அசைத்துக் கைநடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியும் இல்லாததால், கூடுதல் நுணுக்கத்தைப் பெற ஷட்டர் வேகத்தையும் கூட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே எம்10 அல்லது அதற்குப் பிந்தைய ஒன்று கையில் இருந்து அது ஒழுங்காக இயங்குகிறது என்றால், பெரிய அளவில் அச்சிடும் தேவையோ படத்தை வெட்டி எடுக்கும் தேவையோ இல்லாதவர்கள் மாற வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல லென்ஸ் அதிக ஆண்டுகள் உழைக்கும். 1954இல் செய்த எம் லென்ஸ் இன்றைய எம்11இல் அப்படியே பொருந்துகிறது, அன்றைய உணரி என்று ஒன்று இருந்திருந்தால் அது என்றோ பழுதாகியிருக்கும். எம்8, எம்9 வைத்திருப்பவர்கள் நிலை வேறு. அவற்றுக்கு மாற்று உறுப்புகள் அரிதாகிவிட்டன. கேமராவையே தொழிலாகக் கொண்டவர் அவற்றை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல.

முதன்முறையாக வாங்க நினைப்பவருக்கும் சொல்லின் பொருளையே அளவுகோலாகத் தருவேன். தானியங்கிக் குவியம் இல்லை, ஜூம் லென்ஸ் இல்லை, 135 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸுக்குச் சட்டக் கோடு இல்லை, 0.7 மீட்டருக்கு அருகே தொலைவளவி அளக்காது. ஓடும் குழந்தையையும் பறக்கும் பறவையையும் எடுக்க வேண்டியவர் இதன் விலையில் ஒரு சிறு பகுதிக்கே அதைவிடப் பொருத்தமான மிரர்லெஸ் கேமராவைப் பெறலாம். தொலைவை மனத்தில் வைத்துப் படமெடுக்கும் பழக்கம் உள்ளவருக்கு இதற்கு இணையான கருவி இல்லை. 35 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப்/8 என்ற சிறிய அளவிலும் குவியத்தை 3 மீட்டரிலும் வைத்துவிட்டால் ஏறத்தாழ 2 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை அனைத்தும் தெளிவு. அதன்பின் செவ்வகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, சட்டக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் நடந்து வருவதைச் சாளரத்திலேயே கண்டு, அவர் உள்ளே அடியெடுத்து வைக்கும் நொடியில் அழுத்தலாம்.

இறுதியாக, மாற்றிக்கொள்ளும் எண்ணம் குவியம் தவறுவதால் எழுந்தது என்றால் வாங்குவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். அடிவானத்தை ஒட்டிய கோபுரம் ஒன்றை நடுச் செவ்வகத்தில் வைத்து, லென்ஸை முடிவிலிக்கு, அதாவது மிகத் தொலைவுக்குரிய கடைசி நிலைக்குத் திருப்பிக் கோபுரத்தின் இரண்டு உருவங்களும் ஒன்றாகின்றனவா என்று கவனியுங்கள். கேமரா எங்காவது இடிபட்டிருந்தால் மயிரிழை அளவு விலகி நிற்கும். அப்படியானால் அதற்கு வேண்டியது தொலைவளவியைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவரின் கை. புதிய கேமரா அன்று.